சீனச் சுவரும் என் முழங்காலும்

ஈரோட்டிலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். "முழங்கால் வலிக்கு நடங்கள், படி ஏறுங்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களே, உட்கார்ந்த இடத்தில் எழுதுவது யாருக்கும் சுலபம். ஐம்பது வயதுக்கு மேல் நீங்கள் எங்கே ஏறினீர்கள், அதைச் சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று கேட்டிருக்கிறார்.

கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நான் ஏறின இடத்தைச் சொன்னால் அவர் நம்புவாரோ என்னவோ. சீனப் பெருஞ்சுவர்! அதுவும் காலண்டரில் பார்க்கிற, சீர்செய்து கைப்பிடி வைத்த பகுதி மட்டும் இல்லை. செங்கல் பெயர்ந்து, படி சரிந்து, நடுவில் செடி முளைத்து, நானூற்றைம்பது வருஷத்து மழையும் பனியும் என்ன செய்து வைத்ததோ அப்படியே கிடக்கிற பகுதி. 2018 அக்டோபரில். அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. வலது முழங்கால் நாலு வருஷமாக முனகிக்கொண்டிருந்தது.

இதை இத்தனை நாள் எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. இதில் என் மகளின் சொந்த விஷயமும் கலந்திருக்கிறது. போன வாரம் ஃபோனில் கேட்டேன். "தாராளமா எழுதும்மா. யாராவது ஒருத்திக்காவது உபயோகப்படும்" என்றாள். எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு அப்போது பீஜிங்கில் வேலை. பிரசவத்துக்குத் திருச்சி வந்திருந்த மகள், குழந்தைக்கு நாலு மாதம் முடிந்ததும் திரும்பிப் போனாள். ஜூலையில் மாப்பிள்ளை ஃபோன் செய்தார். "அத்தை, ஒரு ரெண்டு மாசம் வந்து இருந்துட்டுப் போங்களேன். அவளுக்கும் துணையா இருக்கும். சுவரையும் பார்த்துடலாம். ஆனா படி ஏறிப் பழகிட்டு வாங்க, அங்கே படியெல்லாம் ரொம்பப் பெருசு" என்றார். அவர் முதலில் சொன்ன வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. சுவர் என்றதுதான் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து பயிற்சி. வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் மலைக்கோட்டைப் படிகள். ஆரம்பத்தில் தாயுமானவர் சந்நிதி வரைதான். மூன்றாவது வாரம்தான் உச்சிப் பிள்ளையாரைப் பார்த்தேன். மற்ற நாட்களில் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நேரே நீட்டி, பத்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குவேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவேன். இரண்டும் தொடையின் முன்பக்கத் தசைக்கு. முழங்கால் வலி என்று நாம் மூட்டையே தடவிக்கொண்டிருக்கிறோம். அதைத் தாங்க வேண்டிய தசையை மறந்துவிடுகிறோம். மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சில்லின் மேல் விழுகிற பாரம் உடல் எடையைப் போலப் பல மடங்கு. தொடைத் தசை வலுவாக இருந்தால் அந்தப் பாரத்தைப் பிடித்து மெதுவாக இறக்கும். இல்லாவிட்டால் மூட்டுதான் வாங்கிக்கொள்ளும். ஏறுவது மூச்சைச் சோதிக்கும், இறங்குவதுதான் முழங்காலைச் சோதிக்கும் என்று டாக்டர் சொன்னது எனக்குப் பின்னால் நன்றாகவே புரிந்தது.

செப்டம்பரில் போய் இறங்கினேன். கதவைத் திறந்த பெண்ணைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். அடுப்படியில் முதல் நாள் பாத்திரம். குழந்தை கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருந்தது, இவள்தான் நிழல் மாதிரி நடமாடினாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்று கேட்டிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. "ஒத்தைக் குழந்தையை வச்சுக்கிட்டு இவ்வளவு சோம்பலா? நாங்க எல்லாம் மூணு பெத்து, மாமியார் நாத்தனாரையும் பார்த்துக்கிட்டோம்" என்று ஆரம்பித்தேன். அவள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இப்படியே மூன்று வாரம். அக்டோபர் முதல் வாரம் அங்கே தேசிய விடுமுறை. நாடே கிளம்பிவிடும், சுவரில் கால் வைக்க இடம் இருக்காது. அது முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை, "குழந்தையை நான் பார்த்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார். மகள் கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள், மலை ஏறுவதென்றால் உயிர். ஆனால் அன்றைக்கு வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். நான்தான் வம்பாக இழுத்துக்கொண்டு போனேன். அந்த ஒரு பிடிவாதம் மட்டும் நல்லதாகப் போயிற்று.

முதல் நாளே பால் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. ஃபிரிட்ஜில் நாலு நாள் வரை இருக்கும். வெளியே வைத்தால் நாலு மணி நேரத்துக்கு மேல் கூடாது. எட்டு மாதக் குழந்தையானதால் பருப்பு சாதம் மசித்து வைத்தோம். எங்களுக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் புளியோதரையும். ஷூவைப் பற்றி ஒரு வார்த்தை: வழக்கத்தைவிட அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் முட்டும், இறுக்கமான ஷூ என்றால் நகம் கறுத்துவிடும்.

இன்னொன்று. சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. சுவரின் மேல் கழிப்பறை கிடையாது. அதற்குப் பயந்து நம்மில் பல பேர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவோம். கல்யாணம், ரயில் பயணம், எங்கே போனாலும் இதே கதைதான். அப்புறம் நீர்க்கடுப்பு, எரிச்சல், டாக்டர் வீடு. பாலூட்டுகிற பெண்ணுக்கு இது இன்னும் மோசம். நுழைவாயிலில் போய்விட்டு வந்து, மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருப்பதுதான் சரி. நடந்து வியர்க்கும்போது நீங்கள் பயப்படுகிற மாதிரி அடிக்கடி தொந்தரவு வராது.

நாங்கள் போனது ஜின்ஷான்லிங். பீஜிங்கிலிருந்து வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர், ஹெபெய் மாகாண எல்லையில். காரில் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. சீனப் பெருஞ்சுவர் என்று நாம் ஒரு பெயரில் சொன்னாலும் அது ஒரே சுவர் இல்லை. பல அரச வம்சங்கள் பல காலத்தில் கட்டியவை எல்லாம் சேர்த்து 21,196 கிலோமீட்டர் என்று 2012-ல் அளந்து அறிவித்தார்கள். ஏசுவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் சின் ஷி ஹுவாங் என்ற பேரரசன் கட்டச் சொன்னது பெரும்பாலும் மண்ணை இடித்து இறுக்கிய சுவர். பீஜிங்கைச் சுற்றி நாம் பார்க்கிற செங்கல் சுவர், 1368 முதல் 1644 வரை ஆண்ட மிங் வம்சத்தாருடையது. நிலாவிலிருந்து தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுவும் சரியில்லை. 2003-ல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவெய்யே தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஜின்ஷான்லிங் பகுதி பத்தரை கிலோமீட்டர் நீளம், அதில் 67 காவல் கோபுரங்கள். ச்சி ஜிகுவாங் என்ற தளபதி 1568-ல் வடக்கே அனுப்பப்பட்ட பிறகு எழுந்தவை இவை. வெறும் சுவரில் நின்றால் சிப்பாய் குளிரில் செத்துப்போவான் என்று, உள்ளே ஆள் தங்கி, தானியமும் வெடிமருந்தும் வைத்துக்கொள்ள இடமுள்ள கோபுரமாகக் கட்டச் சொன்னவர் அவர். கடற்கொள்ளைக்காரர்களை நடுங்க வைத்த அந்த வீரர், வீட்டில் மனைவிக்கு நடுங்குவார் என்று அங்கே நிறையக் கதை சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போய்விட்டது.

கேபிள் காரில்தான் மேலே போனோம். அதில் ஒரு வெட்கமும் இல்லை. முழங்காலின் பலத்தை எங்கே செலவழிப்பது என்று நாம்தானே தீர்மானிக்க வேண்டும்?

மேலே போய் நின்றதும் மகள் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மலை முதுகெலும்பின் மேல் சுவர் ஏறி இறங்கி, வளைந்து, கண்ணுக்கெட்டிய தூரம் போகிறது. நடுப்பகுதி சீர்செய்த பகுதி. பெரிய பெரிய படிகள், இரண்டு பக்கமும் மார்பளவு கைப்பிடிச் சுவர். செங்குத்தான ஏற்றங்களில் படிக்குக் குறுக்கே ஆள் உயரத் தடுப்புச் சுவர்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கின்றன. எதிரி சுவரின் மேலேயே ஏறிவிட்டால்கூட, காவலர்கள் அதன் பின்னால் மறைந்து ஒவ்வொரு படியாகப் பின்வாங்கிச் சண்டை போடுவதற்காம். எனக்கு அவை மூச்சு வாங்க நிற்கிற இடமாக உபயோகப்பட்டன.

கிழக்கே நடக்க நடக்கச் சுவருக்கு வயதாகிக்கொண்டே போகிறது. முதலில் கைப்பிடிச் சுவரில் பல் விழுந்த மாதிரி இடைவெளிகள். அப்புறம் ஒரு பக்கம் கைப்பிடிச் சுவரே இல்லை. அப்புறம் படிகள் படிகளாக இல்லாமல் செங்கல் சரிவாகிவிட்டன. ஒரு செங்கல்லில் எழுத்து பொறித்திருந்தது. மகள் ஃபோனில் படம் பிடித்துப் பார்த்து, "இது வான்லி ராஜா காலம்மா. எந்த வருஷம், எந்தப் படை செஞ்ச செங்கல்னு போட்டிருக்கு" என்றாள். 1570-களில் எவனோ ஒரு சிப்பாய் சுட்ட செங்கல். மூன்று வாரத்தில் அவள் தானாக என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

சாந்து பற்றிச் சொல்லாவிட்டால் நம் பக்கத்துக்கே அழகில்லை. அந்தக் காலத்துச் சீனர்கள் சுண்ணாம்போடு ஒட்டும் அரிசிக் கஞ்சியைக் கலந்து கோட்டை, கல்லறை, மதில் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். மிங் காலத்துச் சுவருக்கும் இந்தச் சாந்தைப் பயன்படுத்தியதாகச் சொல்கிறார்கள். அரிசியில் உள்ள அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து, சுண்ணாம்பு இறுகும்போது அதன் துகள்கள் பெரிதாக வளராமல் பொடியாக நெருக்கி அடுக்குகிறது, அதனால்தான் அந்தப் பிடிப்பு என்று ஜெஜியாங் பல்கலைக்கழக ரசாயன ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் எழுதினார்கள். நம் ஊர்ப் பெரிய வீடுகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்தார்களே, அதே குடும்பம்தான். நாம் புடவைக்குக் கஞ்சி போடுகிறோம், அவர்கள் சுவருக்கே கஞ்சி போட்டிருக்கிறார்கள்! எத்தனை சிப்பாய் வயிற்றுக்குப் போக வேண்டிய அரிசியோ.

இப்படி விட்டு வைத்திருப்பது அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள். லியாவ்னிங் மாகாணத்தில் ஒரு பகுதியைச் 'சீர்செய்கிறோம்' என்று மேலே தார் ரோடு மாதிரி வழவழவென்று பூசி மெழுகிவிட்டார்கள். 2016-ல் அந்தப் படங்கள் வெளியானதும் நாடே கொதித்தது. என்னைக் கேட்டால், உடைந்ததை உடைந்தபடி தாங்கிப் பிடிப்பதுதான் மரியாதை. ஆனால் ஒன்று: பழைய சுவர் என்றால் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம் என்று அர்த்தமில்லை. ஜியான்கோவ் என்று ஒரு இடம், கத்தி முனை மாதிரி மலையின் மேல் சுவர். படத்தில் பார்த்தாலே தலை சுற்றும். திறந்துவிடாத பகுதிகளுக்குக் கூட்டம் சேர்த்து அழைத்துப் போவதை 2006-ல் வந்த சட்டம் தடுக்கிறது. அங்கே விழுந்து அடிபட்டவர்களும் உண்டு. டிக்கெட் கொடுத்து உள்ளே விடுகிற இடத்திலேயே வேண்டிய அளவு கஷ்டம் இருக்கிறது, நான் சாட்சி.

பன்னிரண்டரை மணி இருக்கும். மகள் முகம் சுளித்துக்கொண்டு நின்றாள். பால் கட்டிவிட்டது. காலையில் கிளம்பும்போது கொடுத்தது, ஆறு மணி நேரம் ஆகிவிட்டதே! "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்மா" என்றாள். கூடவே கூடாது. கட்டின பாலை அப்படியே விட்டால் கல்லாகி, சிவந்து, காய்ச்சலில் கொண்டுவிடும். பக்கத்திலிருந்த காவல் கோபுரத்துக்குள் போனோம். உள்ளே குளுகுளுவென்று இருட்டு, வளைவு வளைவாகச் செங்கல் கூரை, சிறிய ஜன்னல்கள். ஒரு மூலையில் அவளை உட்கார வைத்து என் சால்வையைத் திரை மாதிரி பிடித்துக்கொண்டு முதுகு காட்டி நின்றேன். வில்லும் வெடியும் வைத்துக்கொண்டு ஆண்பிள்ளைகள் காவல் காத்த ஜன்னல் வழியாக, யாராவது வருகிறார்களா என்று நான் காவல் காத்தேன்.

முதுகு காட்டி நின்றதால்தானோ என்னவோ, அவள் பேச ஆரம்பித்தாள்.

"அம்மா, சில நாள் குழந்தை அழுதா எழுந்து போகணும்னே தோணலை."

நான் திரும்பவில்லை.

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்களேன்னு நானும் சிரிக்கிறேன். உள்ளே ஒண்ணுமே இல்லை. ராத்திரி அது தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரலை. நான் இல்லாம இருந்தா அதுக்கு நல்ல அம்மா யாராவது கிடைப்பாங்களோன்னு தோணுது."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஊரிலிருந்து திரும்பினதிலிருந்து என்றாள். நாலு மாதம்! அதில் மூன்று வாரம் நான் பக்கத்திலேயே இருந்து, பாத்திரம் தேய்க்கவில்லை என்று கணக்குப் பார்த்திருக்கிறேன். சால்வையைப் பிடித்திருந்த கை நடுங்கியது. "முன்னாடியே சொல்லக் கூடாதாடி?" என்றேன். "சொல்ற மாதிரியா நீ பேசினே?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சகோதரிகளே, பிள்ளை பெற்ற முதல் பத்துப் பதினைந்து நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், தானாகச் சரியாகும். இரண்டு வாரம் தாண்டியும் மனசு தூக்கிக்கொள்ளவில்லை, தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, குழந்தை பாரமாகத் தெரிகிறது என்றால் அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை, கண்ணேறும் இல்லை. அது ஒரு நோய். பிள்ளை பெற்ற முதல் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும். 'நான் இல்லாவிட்டால்' என்ற வார்த்தை வாயில் வந்துவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது, தனியாகவும் விடக் கூடாது, அன்றைக்கே டாக்டரைக் கேட்க வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. நான் இந்தப் பக்கத்தில் எத்தனை வருஷமாகப் பத்தியச் சமையல் எழுதுகிறேன், பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் எழுதினேன். இதை ஒரு வரி எழுதியதில்லை.

எடுத்த பாலை என்ன செய்வது? வெயிலில் தூக்கிக்கொண்டு போக முடியாது. கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, செடிக்கு ஊற்று என்று என் அம்மா சொல்வாள். கோபுர வாசலில் செங்கல் இடுக்கில் ஒரு செடி முளைத்திருந்தது. அதன் வேரில் ஊற்றினாள். அப்புறம் இட்லி சாப்பிட்டோம். அவள் ஐந்து சாப்பிட்டாள்.

அங்கேயே திரும்பியிருக்கலாம். அவளும், "போதும்மா, திரும்பிடலாம்" என்றாள். இந்த இடத்தில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். அவள் சொன்னதைக் கேட்டு மனசு கலங்கியிருந்தது. அந்தக் கலக்கத்தில் சும்மா உட்கார முடியவில்லை. "இன்னும் ரெண்டே கோபுரம், பார்த்துட்டு வந்துடலாம்" என்று முன்னால் நடந்துவிட்டேன்.

முதல் கோபுரம் தாண்டியதும் சுவர் சடாரென்று இறங்கியது. படி என்று சொல்ல ஒன்றுமில்லை. உதிர்ந்த செங்கல், சரளை, இரண்டு பக்கமும் பிடிக்க ஒன்றுமில்லாத சரிவு. ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் அடிவயிறு குளிர்ந்தது. நாலு அடி வைத்தேன். ஐந்தாவது அடியில் செங்கல் புரண்டது. வலது முழங்கால் 'மடக்'கென்று மடங்க, பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். உள்ளங்கை சிராய்த்து ரத்தம். பெரிய அடி இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. காலில் வலுவில்லாமல் இல்லை, பயம். மேலே மகள் "அம்மா!" என்று கத்தினது இன்னும் காதில் இருக்கிறது.

அப்போதுதான் அந்தப் பெண்மணி வந்தார். காலையிலிருந்தே எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தவர். அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள், முதுகுப் பையில் தண்ணீர் பாட்டில், படப் புத்தகம், சட்டை எல்லாம் சுமந்துகொண்டு வருகிறவர்கள் கூடவே நடப்பார்கள். காலையில் நான்கூட, "இதென்ன, விடாம ஒட்டிக்கிட்டு வராங்க, காசுக்குத்தான்" என்று சலித்துக்கொண்டேன். அவருக்கு அறுபது வயதுக்குக் குறையாது. துணி ஷூ. என்னைத் தாண்டிக் கீழே போய், முகத்தை என் பக்கம் திருப்பி நின்று, கையை நீட்டினார். நான் காலை நேரே வைக்கப் போனேன். 'வேண்டாம்' என்று கையாட்டி, தன் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காண்பித்தார். பாதம் முழுவதும் செங்கல்லில் படிகிற மாதிரி, நண்டு போல இறங்க வேண்டும். என் வலது முழங்காலைத் தட்டி, அதை முதலில் இறக்கச் சொன்னார்.

பாருங்கள், இதே விஷயத்தை எனக்குத் திருச்சி டாக்டரும் சொல்லியிருந்தார்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். அப்போதுதான் இரண்டு தடவையும் பாரத்தை நல்ல கால் தாங்கும். பயத்தில் மறந்தே போனேன். அந்த அம்மாள் எந்த டாக்டரிடம் கற்றார்?

வந்த சரிவிலேயே திரும்பி ஏறுவது சுலபமாக இருந்தது, கையையும் ஊன்றிக்கொள்ளலாமே. ஆனால் திரும்பும் வழியிலும் இறக்கங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் அவர் முன்னால், நான் நடுவில், பின்னால் என் துப்பட்டா நுனியைப் பிடித்தபடி மகள். ஒரு இடத்தில் சுவரைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குகிற மாதிரி பின்பக்கமாக இறங்க வைத்தார். கைத்தடியை மடக்கிப் பையில் வைக்கச் சொன்னார். செங்குத்தில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பேச்சே இல்லை, எல்லாம் ஜாடைதான். நடுவில் மகளைக் காட்டி, தன் மார்பைக் காட்டி, குழந்தையை ஆட்டுகிற மாதிரி கையை ஆட்டி ஏதோ கேட்டார். கோபுரத்தில் பார்த்திருப்பார் போலிருக்கிறது. மகளுக்குக் கொஞ்சம் சீன மொழி தெரியும். "எத்தனை மாசம், யார் பார்த்துக்கறாங்கன்னு கேட்கறாங்க" என்றாள். புருஷன் பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னதும் அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பிரசவித்த பெண்ணை ஒரு மாதம் வெளியே விடாமல், குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க விடாமல் பார்த்துக்கொள்கிற வழக்கம் அவர்களுக்கும் உண்டு. 'மாதம் உட்காருவது' என்று அதற்குப் பெயர். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு யார் பார்ப்பது என்பது அங்கேயும் அவரவர் பாடுதான் போலிருக்கிறது.

கீழே வந்தபோது மணி நாலேகால். அக்டோபரில் அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். இன்னும் ஒரு கோபுரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம் ராத்திரியெல்லாம் யோசித்தேன்.

காரில் வரும்போது மகள் ஒரு கதை சொன்னாள். சின் ஷி ஹுவாங் காலத்தில் மெங் ஜியாங்நு என்று ஒரு பெண். கல்யாணமான சூட்டோடு புருஷனைச் சுவர் வேலைக்குப் பிடித்துப் போய்விட்டார்கள். குளிர்காலம் வந்ததும் அவனுக்குக் கம்பளி உடுப்புத் தைத்து எடுத்துக்கொண்டு அவள் நடந்தே போனாளாம். போய்ப் பார்த்தால் அவன் செத்து, சுவருக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். அவள் அழுத அழுகையில் சுவர் இடிந்து விழுந்து எலும்பு வெளியே வந்ததாம். நம் கண்ணகி மாதிரி. "ஆனா கண்ணகிக்குக் கோபம் வந்தது. இவளுக்கு அழுகைதான் வந்தது" என்றாள் மகள். சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். பீஜிங் வருகிற வரை அழுதாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லித்தான் மூன்று வாரத்தைக் கெடுத்திருந்தேனே.

சுவர் ஏறினதால் சரியாகிவிட்டது என்று கதை அளக்க மாட்டேன். அன்று ராத்திரியே மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். அதனால்தான் ஜூலையிலேயே என்னைக் கூப்பிட்டிருக்கிறார். மறுநாள் காலையில் டாக்டரிடம் போனோம். மருந்து, பேச்சு, வாரம் ஒரு தடவை பரிசோதனை. நான் இரண்டு மாதத்துக்கு என்று போனவள் நாலு மாதம் இருந்தேன். ராத்திரி ஒரு வேளைக்குக் குழந்தையை நான் எடுத்துக்கொள்வேன், அவள் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்குவாள். பொங்கலுக்கு முன்னால் ஒருநாள், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அவள் ஏதோ பழைய சினிமாப் பாட்டை முணுமுணுத்தது காதில் விழுந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் அணைக்காமல் நின்றேன்.

ஈரோட்டுச் சகோதரிக்கு: என் முழங்கால் ஒரு வாரம் வீங்கியிருந்தது. ஐஸ் ஒத்தடம், ஓய்வு, அப்புறம் மறுபடியும் நாற்காலிப் பயிற்சி. இப்போதும் மலைக்கோட்டை ஏறுகிறேன், வாரத்தில் இரண்டு நாள். இறங்கும்போது வலது கால் முதலில். ஆனால் உங்கள் மூட்டில் வீக்கமோ, திடீரென்று பூட்டிக்கொள்வதோ இருந்தால் என் பேச்சைக் கேட்டுப் படி ஏற வேண்டாம், முதலில் காட்டிவிடுங்கள்.

அந்தப் பெண்மணிக்குப் பணம் கொடுத்தேன், கையை நீட்டவே இல்லை. சட்டை வாங்கினால்தான் காசு என்று பிடிவாதமாக நின்றார். நாற்பது யுவான் என்றார். நான் பேரம் பேசாமல் வாங்கின ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும். சிவப்புச் சட்டை, முன்னால் சுவர் படம். மகளுக்கு என்று வாங்கினேன், ஒரு தண்ணீர் விட்டதும் சுருங்கிப் போயிற்று. இப்போது பேத்திதான் ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.